பிட்டர் ஞானப்பிரகாசம் சொன்னதும் நான் எழுதியதும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஞானப்பிரகாசத்தின் மைத்துனர் அந்தோணி எங்கள் கடையின் முன்வாசலுக்கு வந்தார். முன்வாசல் வெள்ளைக்காரர்களுக்கும் பெரிய சீன முதலாளிகளான தவுக்கேக்களுக்கும் உரியது. நம் ஆட்கள் பின்சந்து வழியாகத்தான் வர வேண்டும். காவற்காரர் கையை நீட்டித் தடுத்தும் அந்தோணி நகரவில்லை. என் மேசையைப் பார்த்து, நின்ற இடத்திலிருந்தே சொன்னார்:

"தம்பி, அத்தான் விடியக்காலம் போயிட்டாரு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறோம். அக்கா உங்ககிட்ட சொல்லிட்டு வரச் சொல்லிச்சு."

திரும்பிப் போய்விட்டார். அக்கா சொல்லி அனுப்பியது என்னை அழைக்கவா, குத்திக்காட்டவா என்று எனக்குத் தெரியவில்லை. மானேஜரிடம் போய், துப்பாக்கி பழுதுபார்த்த பழைய பிட்டர் இறந்துவிட்டார், பிற்பகல் விடுப்பு வேண்டும் என்றேன். அவர் தலை நிமிராமல், "யார், அந்தப் பிஸ்டல் ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தச் சொல்லை மறுக்காமல் ஆமாம் என்றேன்.

பினாங்கில் டத்தோ கிராமாட்டிலும் ஜெலுத்தோங்கிலும் இதைப் படிக்கும் உங்களில் பலரும் அவரை அப்படித்தான் அழைத்தீர்கள். கெட்டுப்போன பிஸ்டலை நல்லது என்று சொல்லிக் கொடுத்து ஒரு தோட்டத் தொழிலாளியின் கண்ணைப் போக்கியவர் என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சு பொய். அது பொய் என்று நன்றாகத் தெரிந்த ஓர் ஆள் இரண்டரை வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தான். இதை எழுதுகிறவன் அவன்தான்.

கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கடற்கரைத் தெருவில் கப்பல் சாமான்களும் வேட்டைத் துப்பாக்கிகளும் விற்கும் கடை என்றால் போதும். பின்கட்டில், தகரக் கூரையின் கீழ், ஞானப்பிரகாசத்தின் பட்டறை மேசை இருந்தது. பதினான்கு வருடம் அங்கே அவர் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தார். அந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு முறைகூட அவர் ஒரு தோட்டாவைச் சுட்டதில்லை. லைசன்ஸ் இல்லாத தமிழன் கையில் தோட்டா ஏற்றிய பிஸ்டல் இருந்தால் போலீஸ்கார மாத்தா வந்து விலங்கு மாட்டுவான். ஆகவே அவர் பழுதுபார்ப்பார். சனிக்கிழமை காலையில் கடையின் சின்ன துரை பின்முற்றத்துக்கு வந்து மணற்பெட்டியில் சுட்டுப் பார்ப்பார். ஞானப்பிரகாசம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சத்தத்தைக் கேட்பார். "மூணாவது லேட்டா வந்துச்சு. ஸ்பிரிங் சோர்ந்திருச்சு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிட்டர் முன்கடைக்கு வரக் கூடாது. வாடிக்கைக்காரத் துரையிடம் பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை டிக்கெட்டில்தான் சொல்ல வேண்டும். டிக்கெட் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அவருக்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது. எழுத்துவேலை பார்க்கும் கிராணியாகிய நான் பட்டறைக்குப் போய், அவர் தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி, பிஸ்டலில் கட்டித் தொங்கவிடுவேன். அந்தக் கடையில் அவருக்கு வாய் என்று ஒன்று இருந்ததென்றால், அது என் பேனாதான்.

அவரிடம் வந்த பிஸ்டல்கள் விசித்திரமானவை. ஒரு முறை சுட்டால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலை எப்படிச் செய்வது என்று ஐரோப்பாவில் சண்டைக்கு முன்பு பலர் பலவிதமாகச் சோதனை செய்திருக்கிறார்கள். அவற்றில் பட்டாளங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய மாதிரிகள் சில எப்படியோ கைமாறி பினாங்குக்கு வந்து சேர்ந்தன. அங்கே சிப்பாய் கையில் கொடுக்கத் தகுதியில்லை என்று தள்ளியது இங்கே தோட்டத் துரையின் இடுப்பில் ஏறும். கூலிகள் அதைப் பார்த்துத் தலை குனிவார்கள். தலை குனிய வைப்பதற்கு அது சரியாகச் சுட வேண்டும் என்றுகூட இல்லை.

அவற்றுக்கெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. ஞானப்பிரகாசம் தானே பெயர் வைத்தார். மேலே ஓர் இரும்பு மூட்டு முழங்காலைப் போல மடிந்து எழும்பும் பிஸ்டல் 'முட்டிக்காரன்'. குழலே கொஞ்சம் திரும்பித் தன்னை விடுவித்துக்கொள்வது 'திருகாணி'. பூட்டு எதுவும் இல்லாமல், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் பின்கட்டையின் கனத்தையும் ஸ்பிரிங்கையும் மட்டும் நம்பியிருப்பது 'சோம்பேறி'. அவருக்குச் சோம்பேறியைத்தான் பிடிக்கும். "அவனுக்கு ஒரு வித்தையும் தெரியாது. அதனால ஏமாத்தவும் தெரியாது" என்பார்.

இதெல்லாம் எனக்கு அப்போது அருவருப்பாக இருந்தது. வாசகசாலையில் தொழிலாளர் உரிமை பற்றிப் பேசி, இந்தப் பத்திரிகையிலும் எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஒரு நாள் பகல் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், காதர் பாய் தோளில் காவடி போலத் தூக்கிவரும் நாசி கண்டார் சோற்றுக் கூடைகளை இறக்கி வைக்கும் மரத்தடியில் இருவரும் குந்தியிருந்தோம்.

"நம்ம ஜனங்களை மிரட்டுற சாமானைத் துடைச்சுக் குடுக்குறீங்களே அண்ணே, உங்களுக்குக் கூசலியா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் எழுதுற கடுதாசியை நீ டைப் அடிச்சுக் குடுக்கல? உன் பேச்சுல சூடு இருக்கு தம்பி. கையைத் தொட்டுப் பாத்தா ஐஸா இருக்கு" என்றார்.

காதர் பாய் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அதைப் பார்த்துத்தான் போலும், ஞானப்பிரகாசம் கையைக் கழுவிக்கொண்டு வந்து மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். கூட்டிலும் தட்டிலும் ஊசியால் துளையிட்டு, ஒரு குச்சியை உடைத்து இரண்டையும் சேர்த்துக் கோத்தார்.

"இந்தக் கூடு குழாய்னு வச்சுக்க. உள்தட்டு பின்கட்டை. குச்சி ஆப்பு. இப்ப வெடிக்குது. ரெண்டும் சேந்தாப்புல பின்னால வருது. குண்டு வெளிய போற மட்டும் ரெண்டும் பிரியக் கூடாது. போனப்புறம் ஆப்பு எறங்கணும், தட்டு மட்டும் தனியா பின்னால போயி காலித் தோட்டாவைத் துப்பிட்டு, புதுசை அள்ளிக்கிட்டு வரணும். அம்புட்டுத்தான் லா."

"முன்னாடியே ஆப்பு எறங்கிட்டா?"

"மூஞ்சி போயிரும்" என்றார் காதர் பாய். "அண்ணே, இங்க பட்டாளம் நடத்தாதீங்க. மீன் தலை ஆறிக்கிட்டு இருக்கு."

ஞானப்பிரகாசம் குச்சியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தார். "எல்லாப் பிஸ்டலும் ஒரே பயத்துக்குப் பொறந்ததுதான் தம்பி. சீக்கிரம் தொறந்துறக் கூடாதேங்குற பயம். ஆளாளுக்கு அதுக்கு ஒரு வைத்தியம் செஞ்சு பாத்திருக்கான்" என்றார். தீப்பெட்டியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியாது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் கடையிலும் இரண்டு கிராணிகளை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது யார் என்று ஒவ்வொரு நாளும் மானேஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாரத்தில்தான் கடலுக்கு அக்கரையில் இருந்த தோட்டத் துரை ஒருவரின் பிஸ்டல் வந்தது. தீப்பெட்டியில் அவர் செய்து காட்டியதே அந்த மாதிரிதான்: ஆப்புப் பூட்டு. யாரோ சோதனைக்காகச் செய்து கைவிட்டது. 'தோட்டா சில சமயம் சிக்குகிறது' என்பது மட்டுமே துரையின் புகார்.

ஞானப்பிரகாசம் அதைக் கழற்றி, மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் ஆப்பைக் காட்டினார். ஆப்பு முழுக்கக் கரி படிந்தது. மறுபடி கோத்து, பின்கட்டையைப் பத்துத் தடவை இழுத்து விட்டுவிட்டுக் கழற்றினார். ஆப்பின் கீழ்ப்பாதியில் கரி துடைபட்டுப் பளபளத்தது. மேல்பாதியில் கரி அப்படியே இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"தொடுற எடம்தான் தாங்கும். கரி போகாத எடம் சும்மா பாத்துக்கிட்டு நிக்குது" என்றார். பிறகு, "இதுல இன்னொரு கோளாறு. ஆப்பு முழுசா ஏறலைன்னா, தோட்டாவைத் தட்டுற சுத்தியைத் தடுத்து நிறுத்த ஒரு துண்டு வேணும். செஞ்சவன் அதை வைக்கவே இல்ல. எழுது" என்றார்.

நான் பேனாவைத் திறந்தேன். அவர் சொன்னார்: "ஆப்பு பாதிதான் புடிக்குது. முழுசா ஏறாமலே சுத்தி விழுது. சூடான தோட்டா போட்டா பின்கட்டை பிச்சுக்கிட்டு வரும். ஆளைக் கொல்லும். இதை யாருக்கும் திருப்பிக் குடுக்கக் கூடாது."

நான் என்ன எழுதினேன் என்பதைத் தமிழில் தருகிறேன்: 'ஆப்பில் சிறிது தேய்மானம் காணப்படுகிறது. கவனமாகக் கையாளுமாறு உரிமையாளரை அன்புடன் கேட்டுக்கொள்ளலாம்.'

அதற்கு முந்திய வாரம் மானேஜர் வேறொரு டிக்கெட்டைக் கிழித்து, "பிட்டர் என் வாடிக்கைக்காரர்களுக்கு உத்தரவு போடுகிறானா?" என்று என் மேசையில் எறிந்திருந்தார். கொல்லும், கொடுக்கக் கூடாது என்ற சொற்களை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்க எனக்குக் கை வரவில்லை. காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று இரண்டரை வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

"எழுதிட்டியா?" என்றார்.

"எழுதிட்டேன் அண்ணே."

"கொல்லும்னு?"

"ம்."

டிக்கெட்டை வாங்கி, ஆங்கிலம் படிக்கத் தெரியாமல் ஒரு முறை பார்த்தார். கட்டைவிரல் கரி அதன் மூலையில் பதிந்தது. திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சின்ன துரை சுட்டுப் பார்த்தார். கடையில் கிடந்த பழைய தோட்டாக்கள்; எல்லாம் ஒழுங்காகப் போயின. கதவுக்கு இந்தப் பக்கம் ஞானப்பிரகாசத்தின் முகம் வெளுத்திருந்தது. "எதுக்குச் சுடுறான்? டிக்கெட்டைப் படிக்கலியா?" என்று என்னிடம் கேட்டார். சோதனைக்காகத்தான் சுடுகிறார்கள், கொடுக்க மாட்டார்கள் என்றேன். அன்று மாலையே பிஸ்டல் அக்கரைக்குப் போய்விட்டது.

பத்தாம் நாள் பங்களாவுக்குப் பின்னால் போத்தல்களை நிறுத்தி வைத்துத் துரை சுட்டிருக்கிறார். வெயிலில் கிடந்து கொதித்த புதுத் தோட்டாக்கள். பின்கட்டை பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தது. துரையின் கட்டைவிரலில் தோல் உரிந்தது. அவர் தோளுக்குப் பின்னால் தோட்டாப் பெட்டியை ஏந்தி நின்ற முனியன் என்ற தொழிலாளியின் வலது கண் போயிற்று.

விசாரணை மானேஜர் அறையில் நடந்தது. போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக ஞானப்பிரகாசம் அந்த அறைக்குள் கால் வைத்தார். டிக்கெட்டை என் கையில் கொடுத்து, பிட்டருக்குத் தமிழில் படித்துக் காட்டு என்றார்கள். படித்தேன். 'சிறிது தேய்மானம்' என்ற இடத்தில் டிக்கெட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். 'அன்புடன்' என்ற சொல்லையும் விடாமல் படித்தேன். இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஞானப்பிரகாசம் என்னைப் பார்க்கவில்லை. டிக்கெட் மூலையில் இருந்த தன் கரி ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் இப்படிச் சொல்லல துரை. ஆளைக் கொல்லும்னு சொன்னேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். பேச்சுத் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை; பிட்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"இதில் இருப்பதைத்தான் சொன்னார்" என்றேன்.

ஞானப்பிரகாசம் கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அன்று விரலில் கரி இல்லை. மாலைக்குள் அவரைக் கடையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தகுதியற்ற பிட்டர் ஒருவரின் கவனக்குறைவு என்று எழுதப்பட்டது. அதையும் டைப் அடித்தவன் நானே.

அதன் பிறகு அவருக்கு எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்கவில்லை. ஜெலுத்தோங்கில் வீட்டை ஒட்டித் தகரச் சாய்ப்பு இறக்கி, தையல் இயந்திரங்களையும் கோயில் ஹார்மோனியத்தையும் பழுதுபார்த்தார். ஊர்ப் பேச்சு அங்கேயும் போய்ச் சேர்ந்தது, இயந்திரங்கள் குறைந்தன. அந்தப் பக்கம் போகாமல் இருக்க நான் சுற்றுவழியில் நடந்தேன். ஒன்றே முக்கால் வருடம் கழித்து, அவர் இருமலில் படுத்துவிட்டார் என்று காதர் பாய் சொன்ன பிறகே போனேன்.

வாசலில் அவர் மனைவி லூர்து அக்கா முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கிராணி ஐயா வந்திருக்காரு. பேனா கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினார்.

"அவளை விடு. உள்ள வா" என்று சாய்ப்பிலிருந்து குரல் வந்தது.

ஞானப்பிரகாசம் படுத்திருக்கவில்லை. ஒரு தையல் இயந்திரத்தின் பல்லில் கரி பூசிக்கொண்டிருந்தார். எலும்பும் கண்ணுமாக இருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் அதைத் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் முனியனைப் பார்த்ததைச் சொன்னார்.

"'நீங்கதான் ரிப்பேர் பண்ணதா?'ன்னு கேட்டான். 'ஆமா, ஆனா குடுக்காதேன்னு எழுதச் சொன்னேம்பா'ன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே. எங்கிட்ட யாரும் வாயால சொல்லலியே'ன்னான்."

இருமல் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"நீ பயந்து எழுதின. நான் மட்டும் என்ன? மானேஜர் ரூமு பட்டறையிலேருந்து இருவது அடி. நடந்து போயி அந்தப் பிஸ்டலை அவன் மேசையில போட்டுட்டு நின்னுருக்கலாம். ஆப்பைக் கழட்டிக் கடல்ல எறிஞ்சிருக்கலாம். பதினாலு வருஷமா டிக்கெட்டுலயே சொல்லிச் சொல்லி, எழுதியாச்சுன்னா நம்ம வேலை முடிஞ்சுதுன்னு ஆயிருச்சு. பழி ஒன் பேருல ஒரு பாதின்னா எம் பேருல ஒரு பாதி."

நான் மறுத்தேன். கேட்கவில்லை. சுவரிலிருந்து பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். "இப்ப எழுது. தமிழ்லயே எழுது. அன்னிக்கி நான் சொன்னது." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "சரி. உங்க பத்திரிகையில போடு. என் வீட்டுக்காரி தலை நிமிந்து பாசாருக்குப் போகணும்" என்றார். போடுகிறேன் என்றேன்.

அது எட்டு மாதத்துக்கு முன்பு. அந்தத் தாள் என் பெட்டியில் இருந்தது. இந்த எட்டு மாதமும் இதே பத்திரிகையில் டிராம் தொழிலாளர்களைப் பற்றி எழுதினேன். கள்ளுக்கடைகளைப் பற்றி எழுதினேன். கப்பலேற்றப்படும் குடும்பங்களைப் பற்றி எழுதினேன். பாராட்டினீர்கள். தாளை மட்டும் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் என் வேலை போகும். பொய்ச்சாட்சி சொன்னவன் என்று இன்ஸ்பெக்டர் தேடி வரலாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குச் சவப்பெட்டியின் பின்னால் நடந்தவர்கள் ஒன்பது பேர். கல்லறையில் மண் போட்ட பிறகு லூர்து அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாசா மாசம் உங்க பத்திரிகையை வாங்கிட்டு வரச் சொல்லுவாரு" என்றார். "மொத பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் தேடுவாரு. 'இந்த மாசம் எடமில்ல போலிருக்கு'ன்னு சொல்லி மடிச்சு வச்சிருவாரு. எட்டும் தலைமாட்டுல இருக்கு."

பத்திரிகை ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பெயரோடு போடச் சொல்லியிருக்கிறேன். மானேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இதை மொழிபெயர்த்து அவர் மேசையில் வைக்க எங்கள் கடையிலேயே ஆள் உண்டு. இதை எழுதும்போதும் படிக்கட்டில் யாராவது ஏறினால் பேனா நிற்கிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும்.

அவருடையதாக என்னிடம் இருப்பவை இரண்டு. குச்சி கோத்த தீப்பெட்டி. அதை நான் வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று காலண்டர் தாள். அது லூர்து அக்காவுக்குச் சேர வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பேன். அதில் இருப்பதைக் கீழே தருகிறேன். முனியனுக்குப் படிக்கத் தெரியாது. அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றும் எனக்குத் தெரியாது. அறிந்தவர்கள் இருந்தால் அவருக்கு இதை வாயால் சொல்லுங்கள்.

"ஆப்பு பாதிதான் புடிக்குது. முழுசா ஏறாமலே சுத்தி விழுது. சூடான தோட்டா போட்டா பின்கட்டை பிச்சுக்கிட்டு வரும். ஆளைக் கொல்லும். இதை யாருக்கும் திருப்பிக் குடுக்கக் கூடாது."

இது பிட்டர் ஞானப்பிரகாசம் சொன்னது. இதில் ஒரு சொல்லையும் நான் மென்மையாக்கவில்லை.